இலவசமாகக் கிடைக்கும் மருத்துவக் கட்டுரைகள்... ஆய்விதழ்களின் டிராஃபிக் எங்கே போகிறது? யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. அப்பாவையோ அம்மாவையோ சிகிச்சைக்கு அழைத்து வந்துவிட்டு, வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் அந்த நேரத்தில் என்ன செய்வார்கள்? டாக்டர் சீட்டில் எழுதிய மருந்தின் பெயரை போனில் தட்டிப் பார்ப்பார்கள். இதைச் செய்யாத குடும்பம் இன்று அபூர்வம்.

தேடினால் இரண்டு லிங்க் வரும் என்று வைத்துக்கொள்வோம். முதல் லிங்க், அந்த ஆய்வை வெளியிட்ட மருத்துவ ஆய்விதழின் சொந்த இணையதளம். தொட்டால், முன்சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, மீதியைப் படிக்க டாலரில் பணம் கேட்கும். இரண்டாவது லிங்க்கைத் தொட்டால், அதே கட்டுரை முழுசா திறக்கும். பணம் இல்லை, லாகின் இல்லை.

எதைப் படிப்போம்? சந்தேகமே வேண்டாம், இரண்டாவதைத்தான். ஆனால் அந்த ஒரு தொடுதலில் ஆய்விதழின் தளம் ஒரு வாசகரை இழந்துவிட்டது. உலகம் முழுக்க இப்படி நடந்தால் என்ன ஆகும்? அந்த இதழ்கள் தாக்குப்பிடிக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

அந்த இரண்டாவது லிங்க் யாருடையது?

பெரும்பாலும் அது 'பப்மெட் சென்ட்ரல்'. அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் 2000-ம் ஆண்டு தொடங்கிய இலவசக் காப்பகம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் 'பப்மெட்' என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பப்மெட் என்பது தேடுவதற்கான அட்டவணை. எந்த ஆய்வு எந்த இதழில் வந்தது என்பதையும் முன்சுருக்கத்தையும் காட்டும். பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரையே இருக்கும். இன்று அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன.

இவ்வளவு கட்டுரைகள் எப்படி வந்தன? பல இதழ்கள் தாங்களாகவே கொடுத்தன. 2008 ஏப்ரலில் ஒரு விதியும் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடந்த ஆய்வு என்றால், கட்டுரை வெளியான 12 மாதத்துக்குள் அது பப்மெட் சென்ட்ரலில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். "மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வைப் படிக்க, மக்களிடமே மறுபடி ஏன் காசு வாங்க வேண்டும்?" என்பதுதான் இதற்குப் பின்னால் இருந்த கேள்வி. நியாயமான கேள்விதானே?

டிராஃபிக் குறைந்தால் இதழுக்கு என்ன கவலை?

மருத்துவ இதழ் என்றதும் பெரிய கம்பெனிகள் மட்டுமே நினைவுக்கு வரலாம். ஆனால் பல இதழ்களை நடத்துவது மருத்துவர்களின் சங்கங்கள், கல்லூரிகள். எடிட்டிங், அச்சு, சர்வர், வரும் கட்டுரைகளை வேறு நிபுணர்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கும் வேலை என எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவை ஈடுகட்டுவது நூலகச் சந்தா, விளம்பரம், உறுப்பினர் கட்டணம்.

இதில்தான் டிராஃபிக் உள்ளே வருகிறது. "இந்த இதழை எங்கள் கல்லூரியில் எத்தனை பேர் படிக்கிறார்கள்?" என்று கணக்குப் பார்த்துத்தான் நூலகங்கள் சந்தாவைப் புதுப்பிக்கின்றன. விளம்பரம் கொடுப்பவரும் அதே எண்ணிக்கையைத்தான் கேட்பார். எண்ணிக்கை இறங்கினால் சந்தா போகும், விளம்பரம் போகும். பெரிய கம்பெனி தாங்கும். ஒரே ஒரு இதழை வைத்திருக்கும் சங்கம் தாங்குமா என்பதுதான் பிரச்னை.

21 சதவீதம்: அளந்து பார்த்த ஆய்வு

இது வெறும் பயமா, உண்மையா? ஃபிலிப் டேவிஸ் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தே பார்த்தார். ஊட்டச்சத்து, உடலியங்கியல், கதிரியக்கவியல் போன்ற துறைகளில் சங்கங்கள் நடத்தும் 14 இதழ்கள், 2008 பிப்ரவரி முதல் 2011 ஜனவரி வரை வெளியான 13,223 கட்டுரைகள். முடிவு 2013-ல் வெளியானது.

அவர் ஒப்பிட்ட விதம் எளிமையானது. ஒரே இதழில் இரண்டு வகைக் கட்டுரைகள் இருக்கும். ஒரு வகை, அமெரிக்க அரசு நிதி பெற்றதால் 12 மாதத்தில் பப்மெட் சென்ட்ரலுக்குப் போனவை. இன்னொரு வகை, அப்படிப் போகாதவை. இரண்டும் இதழின் தளத்தில் எத்தனை முறை திறக்கப்படுகின்றன?

காப்பகத்துக்குப் போன கட்டுரைகளுக்கு, இதழின் சொந்தத் தளத்தில் இணையப் பக்கமாகப் படிப்பது 21.4 சதவீதம் குறைந்தது. பிடிஎஃப் டவுன்லோடு 13.8 சதவீதம் குறைந்தது. பிடிஎஃப் விஷயத்தில் இந்தப் பாதிப்பு ஆண்டுக்கு 1.6 சதவீதம் என்ற வேகத்தில் கூடிக்கொண்டும் போனது.

ஆக, இதழ்க்காரர்களின் பயம் கற்பனை இல்லை. ஆனால் இந்த எண் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது. இதழின் வாசலில் ஆள் குறைந்ததைத்தான் அது காட்டுகிறது. அந்தக் கட்டுரையை உலகத்தில் மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள் என்பதைக் காட்டவில்லை.

நம்ம ஊர் சொசைட்டி கணக்கில் பார்த்தால்...

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நெசவாளர் கூட்டுறவு சொசைட்டி ஒன்று, தன் உறுப்பினர்கள் நெய்த பட்டுச்சேலையைத் தன் சொந்த ஷோரூமிலும் விற்கிறது, கோ-ஆப்டெக்ஸுக்கும் அனுப்புகிறது. சென்னையில் இருப்பவர் அங்கேயே கோ-ஆப்டெக்ஸில் வாங்கிவிட்டால், காஞ்சிபுரம் வரமாட்டார். சொசைட்டி ஷோரூமில் கூட்டம் குறையும். அதற்காக சேலை விற்கவில்லை என்று சொல்ல முடியுமா? விற்ற இடம்தான் வேறு.

மருத்துவக் கட்டுரையும் இப்படித்தான். வாசகர் காணாமல் போகவில்லை, பக்கத்து வாசலுக்குப் போயிருக்கிறார். முன்பு பணம் கேட்டதால் திரும்பிப் போனவர்களும் இப்போது அந்த வாசலில் நுழைகிறார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கோ-ஆப்டெக்ஸில் சேலை விற்றால் அதற்கான விலை சொசைட்டிக்கு வரும். பப்மெட் சென்ட்ரலில் கட்டுரையை ஒரு லட்சம் பேர் படித்தாலும் இதழுக்கு ஒரு ரூபாய் வராது. காப்பகத்தில் சேர்ந்த இதழ்களுக்கு எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கு மட்டும் வரும். சேலை போகிறது, பணம் திரும்புவதில்லை. சங்கங்களின் வருத்தம் சரியாக இந்த இடத்தில்தான்.

மும்பை இதழ் சொல்லும் வேறு கதை

அப்படியானால் இலவசம் என்றாலே இதழுக்கு நஷ்டமா? இந்திய அனுபவம் வேறு மாதிரி.

மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி, கே.இ.எம். மருத்துவமனையின் ஆசிரியர்கள் சங்கம் நடத்தும் இதழ் 'ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின்'. 1955-ல் தொடங்கியது. இந்திய மருத்துவர்களுக்குத் தெரிந்த இதழ், ஆனால் வெளிநாட்டு நூலகங்களில் எளிதில் கிடைக்காது. 2001-ல் இந்த இதழ் தன் தளத்தை முழுவதுமாக இலவசமாகத் திறந்துவிட்டது. எழுதுபவரிடமும் அப்போது காசு வாங்கவில்லை.

பிறகு என்ன நடந்தது என்பதை இதழுடன் தொடர்புடைய டி.கே. சாஹு, நித்யா கோக்டே, சந்தீப் பவ்தேகர் ஆகியோர் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். இலவசமான பிறகு, இந்த இதழின் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் முன்பைவிட சீக்கிரமாகவும் அதிகமாகவும் மேற்கோள் காட்டினார்கள். சாஹு தொடங்கிய மெட்நோ பதிப்பகம், இதே வழியில் பல இந்திய மருத்துவச் சங்கங்களின் இதழ்களை இணையத்தில் இலவசமாகக் கொண்டுவந்தது. அதனால் அச்சு இதழ்களின் சந்தா சரியவில்லை என்பதையும் சாஹு எழுதியிருக்கிறார். 2011-ல் வோல்டர்ஸ் க்ளூவர் என்ற பன்னாட்டு நிறுவனம் மெட்நோவை வாங்கிவிட்டது.

ஏன் இந்த முரண்பாடு? இரண்டு இடத்திலும் பிரச்னை வேறு வேறு. அமெரிக்கச் சங்க இதழ்களுக்கு ஏற்கெனவே வாசகர் கூட்டம் இருந்தது. காப்பகம் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டது. மும்பை இதழுக்கோ வெளியே யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் பிரச்னை. கதவைத் திறந்ததும் புது ஆட்கள் வந்தார்கள், அதுவும் அதன் சொந்த வாசலுக்கே வந்தார்கள். சுருக்கமா சொன்னா, வாசலில் காசு வாங்கிப் பிழைக்கும் இதழுக்குத்தான் டிராஃபிக் இழப்பு வலிக்கும். பார்க்க ஆள் இல்லாத இதழுக்குத் திறந்த கதவு லாபம்.

2025 ஜூலைக்குப் பிறகு என்ன மாற்றம்?

இதுவரை இதழ்களுக்கு 12 மாத அவகாசம் இருந்தது. புதுக் கட்டுரையை முதல் ஒரு வருடம் தங்கள் தளத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2022 ஆகஸ்டில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகம் இந்த அவகாசத்தை நீக்கச் சொன்னது. அதன்படி அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் புதிய விதி 2025 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. அன்று முதல் இதழ் ஏற்றுக்கொள்ளும் கட்டுரைகள், வெளியாகும் அதே நாளில் காப்பகத்திலும் கிடைக்க வேண்டும்.

டேவிஸ் அளந்த 21 சதவீதம், ஒரு வருடம் பழசான கட்டுரைகளுக்கானது. புதுக் கட்டுரையை ஆளாளுக்குத் தேடிப் படிப்பது முதல் சில மாதங்களில்தான். அந்த நேரத்திலேயே இரண்டு வாசலும் திறந்திருந்தால், இதழின் தளத்துக்கு அடி இன்னும் பலமாக விழ வாய்ப்பு அதிகம்.

இதைச் சமாளிக்க இதழ்கள் எடுக்கும் வழி, படிப்பவரை விட்டுவிட்டு எழுதுபவரிடம் காசு வாங்குவது. நேச்சர் குழும இதழ்கள் 2021 முதல் இப்படி இலவசமாக வெளியிட ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று கட்டணம் அறிவித்தன. அன்றைய மதிப்பில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல்! ஒரு அரசு மருத்துவமனை டாக்டர் தன் கையிலிருந்து இதைக் கட்ட முடியுமா? படிப்பவருக்குத் திறந்த கதவு, எழுதுபவருக்கு மூடிக்கொள்கிறது.

இந்தியா என்ன செய்கிறது?

மத்திய அரசு வேறு வழியில் போகிறது. 2024 நவம்பர் 25-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம். 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம்.

நல்ல விஷயம்தான். ஆனால் இது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவர், சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், மருத்துவமனைக்கு வெளியே போனோடு காத்திருக்கும் நோயாளியின் மகள் ஆகியோருக்கு இது கிடைக்காது. அவர்களுக்கு இன்றைக்கும் இலவசக் காப்பகம்தான் கதி.

அப்போ தீர்வு என்ன?

வாசலில் நிற்கும் கூட்டத்தை வைத்து ஒரு இதழின் மதிப்பை அளப்பதை முதலில் நிறுத்த வேண்டும். இதழின் தளத்தில் படித்தவர்கள், காப்பகத்தில் படித்தவர்கள் என இரண்டையும் கூட்டித்தான் நூலகங்களும் அரசும் கணக்குப் பார்க்க வேண்டும். அடுத்தது பணம். ஆய்வுக்கு நிதி கொடுப்பவர்களே, அதைச் சரிபார்த்து வெளியிடும் சிறு இதழ்களின் செலவிலும் பங்கு கொடுக்க வேண்டும். நெசவுக்கூலி கொடுக்காமல் சேலையை மட்டும் ஊர் முழுக்க இலவசமாகக் கொடுத்தால், கொஞ்ச நாளில் தறி நின்றுவிடும். ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படிக்கும் முன் இதைக் கவனியுங்கள்

காப்பகத்தில் சில கட்டுரைகள் ஆசிரியர் கொடுத்த கையெழுத்துப் பிரதியாக இருக்கும். இதழ் பின்னர் செய்த திருத்தம் அதில் இல்லாமல் போகலாம். எனவே முக்கியமான விஷயம் என்றால், இதழின் பக்கத்தையும் ஒருமுறை திறந்து, திருத்தமோ வாபஸ் அறிவிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். கொரோனா காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி லான்செட் இதழில் 2020 மே 22-ல் வந்த கட்டுரை, ஜூன் 4-ம் தேதியே வாபஸ் பெறப்பட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை!

கட்டுரையை எங்கே படித்தாலும் சரி, மருந்தை நிறுத்துவதையும் மாற்றுவதையும் டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீங்க. படித்ததை போனில் காட்டி அவரிடமே கேளுங்கள்.