தொட்டிலுக்கு வரும் கல்விப் பொம்மைகள்

தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று சொன்னால் நம் பாட்டிமார் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். ஆனால் இன்று பொம்மைக் கடைக்குச் சென்று பாருங்கள், தோழியரே! ஆறு மாதக் குழந்தைக்கென்று விற்கும் பெட்டியின் மேல் 'மூளை வளர்ச்சிக்கு உகந்தது' என்று கொட்டை எழுத்துகளில் அச்சிட்டிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னுகிறது. ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் பாட்டாய் வருகின்றன. பசு 'மூ' என்கிறது. (நம் ஊர்ப் பசு 'அம்மா' என்றல்லவா கத்தும்!) விலையைக் கேட்டால் பெரியவர்களுக்கே மூளை கலங்கும்.

பள்ளி மாணவியருக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் வீட்டில் அக்காமார். பள்ளி விட்டதும் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுத் தம்பியையோ தங்கையையோ இடுப்பில் ஏற்றிக்கொள்பவர்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு என்ன வாங்கிச் செல்வது என்று நம்மையும் கேட்கிறார்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டில் தவணை முறையில் வாங்குகிறார்கள். வாங்க இயலாத தாயோ, தன் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று மனத்துக்குள் மருகுகிறாள். அந்த மருகலுக்குக் காரணம் உண்டா என்பதே நம் கேள்வி. இல்லை என்பது நாம் கண்ட விடை.

இந்த ஆசை எங்கிருந்து பிறந்தது என்று பார்ப்போம். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு சோதனை நடந்தது. மோசார்ட்டின் இசையைக் கேட்டவர்கள், வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒரு வகைக் கணக்கைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தத் திறன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. சோதனையில் குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆயினும் செய்தி ஊர் சுற்றி வருவதற்குள் 'மோசார்ட் கேட்டால் குழந்தை மேதையாகும்' என்று உருமாறிவிட்டது. 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்டார். அதே காலத்தில் 'பேபி ஐன்ஸ்டைன்' என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான ஒளிப்படங்கள் சந்தைக்கு வந்து அமோகமாக விற்றன. 2001-இல் டிஸ்னி நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. 2009-இலோ, அத்தட்டுகளை வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது! பாவம், ஐன்ஸ்டைன்.

2010-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி நமக்கு மிகவும் பிடித்தது. ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் புகழ்பெற்ற ஒளிப்படம் ஒன்றை நான்கு வாரங்கள் காட்டினார்கள். அதைப் பார்த்த குழந்தைகள், பாராத குழந்தைகளைவிட அதிகச் சொற்களைக் கற்கவில்லை. எந்தப் படமும் இல்லாமல் தாய் தந்தையரே அன்றாட வேலைகளுக்கிடையே அச்சொற்களைச் சொல்லித் தந்த குழந்தைகளே அதிகம் கற்றிருந்தனர். இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். படம் தங்களுக்குப் பிடித்திருந்த பெற்றோர், தம் பிள்ளை நிறையக் கற்றுக்கொண்டதாக நம்பினார்களாம்!

சரி, படத்தை விடுங்கள், கையில் பிடித்து விளையாடும் பொம்மை அப்படியல்லவே என்பீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேரின் வீடுகளில், பெற்றோர் குழந்தையோடு விளையாடும்போது நடந்த பேச்சைப் பதிவு செய்தார்கள். முடிவு 2016-இல் அச்சேறியது. பேசும் மின்பொம்மைகளை வைத்து விளையாடும்போது பெற்றோரின் பேச்சுக் குறைந்தது. குழந்தையின் மழலைக்கு அவர்கள் பதில் சொல்வதும் குறைந்தது. மரக்கட்டைகளும் படப்புத்தகங்களும் இருந்தபோது பேச்சு அதிகம். பொம்மை பேசும்போது தாய் ஏன் பேசப் போகிறாள்? பாடுவதும் அது, எண்ணுவதும் அது, 'சபாஷ்' சொல்வதும் அது. குழந்தை 'ங்கா' என்றால் மட்டும் அதற்குக் காது கேட்பதில்லை. நாம் காலி டப்பாவைக் கொடுத்தாலோ, 'இதுக்குள்ளே என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே!' என்று பேசாமல் இருக்க முடியாது. பேச்சுப் பழகும் பிள்ளைக்கு வேண்டியது அப்பேச்சுதான்.

இதனால் பொம்மையே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். ஜமைக்கா என்ற தீவு நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனில், 1986-87-ஆம் ஆண்டுகளில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்தார்கள். அனைவரும் 9 முதல் 24 மாதத்தினர். சத்தின்றி வளர்ச்சி குன்றியவர்கள். அவர்களில் சிலர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் சென்று, ஒரு மணி நேரம் இருந்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எதைச் சொல்லிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டித் தந்தார். இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. கொண்டு சென்றவை கடைப் பொம்மைகள் அல்ல. தூக்கியெறியும் பொருள்களைக் கொண்டு கையால் செய்தவை. ஒரு வாரத்துக்கு வீட்டில் விட்டுவிட்டு அடுத்த முறை வேறு ஒன்றை வைத்துச் செல்வார். சில குழந்தைகளுக்குச் சத்துணவு மட்டும் தந்தார்கள், சிலருக்கு இரண்டும். இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்துக் கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அவ்வளவு காலம் நிலைத்த பயன் தெரியவில்லை. பின்னாளில் நம் நாட்டிலேயே ஒடிசாக் கிராமங்களில் இம்முறையைச் செய்து பார்த்தபோது, வீடு வீடாகச் செல்லாமல் தாய்மாரைக் கூட்டமாக அமர்த்திச் சொல்லித் தந்தாலும் பலன் இருந்தது.

ஆக, பொம்மை ஒரு சாக்கு. அதைச் சாக்கிட்டு ஒரு மனிதர் பிள்ளையின் எதிரே உட்கார வேண்டும். நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள் போலும். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற முதல் ஏழிலும் விளையாட்டுச் சாமான் ஒன்றும் கிடையாது. தலையசைத்தல், தாலாட்டு, கைகொட்டல், முத்தம், வாவென்று அழைத்தல், நிலாவைக் காட்டல் இவ்வளவே. சிறுபறையும் சிறுதேரும் கடைசியில்தான் வருகின்றன. புலவர்கள் ஆராய்ச்சி செய்யவில்லை, வீட்டில் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய்க்குக் கொஞ்சிப் பேச நேரம் ஏது? நியாயமான கேள்வி. அரை மணி நேரம் அடுப்படியில் வேலை செய்ய விடுகிற பொம்மை நல்ல பொம்மைதான். அதற்காக வாங்குவோர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் அதற்குப் பெயர் கல்வி அன்று. அந்த உதவியை ஓர் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் செய்யும், காது சற்று வலிக்கும் என்பதைத் தவிர. அதோடு, பிள்ளையிடம் பேசுவது தாயின் வேலை மட்டுமே என்று எந்த விஞ்ஞானியும் எழுதி வைக்கவில்லை. அப்பா, தாத்தா, அண்ணன் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. குளிப்பாட்டும்போதும் அரிசி களையும்போதும் பேசலாம். தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கைப்பேசியைக் கையில் திணிப்பது மட்டும் வேண்டாம். இரண்டு வயது நிறையும் வரை திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது.

'மாண்டிசோரி' என்ற பெயரைப் பொறித்த பெட்டிகளும் இப்போது மிகுதி. அம்மையார் 1907-இல் ரோமாபுரியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில்தான் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-இல் நம் சென்னைக்கு வந்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவருடைய உருளைகளும் கட்டைகளும் பேசா. தவறான குழியில் வைத்தால் உருளை பொருந்தாது. பிள்ளை தானே எடுத்து மாற்றி வைக்கும். பொத்தானை அழுத்தினால் கைதட்டும் பொம்மைக்கு அவர் பெயரைச் சூட்டுவது எந்த நியாயமோ!

எனவே, வாங்குவதானால் வாய் பேசாத பொம்மைகளாக வாங்குவோம். பனையோலைக் கிலுகிலுப்பை, சொப்புச் சாமான், அடுக்குக் கிண்ணம், துணிப்பந்து. அளவாகவும் இருக்கட்டும். டொலீடோ பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகளுக்கு நடுவே விட்டபோது அங்குமிங்கும் தாவிய சிறுவர், 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் நெடுநேரம் விளையாடினார்கள். மிஞ்சியவற்றைப் பரண்மேல் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து இறக்கினால் புதுப் பொம்மை போலவே பிள்ளை ஓடிவரும்.

நடை பழக நம் பழைய நடைவண்டியே போதும். பிள்ளை தன் காலில் நின்று அதைத் தள்ளுகிறது. நடுவில் உட்கார வைத்து உருட்டும் சக்கர 'வாக்கர்' படிக்கட்டிலிருந்து உருண்டு பல பிள்ளைகளைக் காயப்படுத்தியதால், கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடிய அளவில் எதுவும் கழன்று வரக் கூடாது. நம் நாட்டில் 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வாங்குமுன் அதைத் தேடுங்கள். பரிசாக வந்த பேசும் பொம்மை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பேட்டரி மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பொத்தான் அளவுள்ள அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.