வரவேற்புக் கீதத்துக்கு மட்டும்தானா சங்கீத டீச்சர்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆரம்பப் பிரிவில் பல வருடங்களாகக் கற்பித்து வருகின்ற எங்களில் சிலர் கூடிப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம். உடன்பாடு இல்லாதவர்கள் கீழே மறுப்பை எழுதுங்கள், பதில் தருவோம். தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

புதிய நியமனங்கள் வருகின்ற காலங்களில் எமது பகுதிப் பாடசாலைகளுக்கும் ஒன்றிரண்டு அழகியல் ஆசிரியர்கள் வருகிறார்கள். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, ஒரு வருடம் கட்டுறுப் பயிற்சி முடித்துவிட்டு வருகின்ற பிள்ளைகள். சிலர் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் பட்டம் பெற்றவர்கள். அவர்களுடைய பாடம் சித்திரம் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சங்கீதம் என்றால் நியமனக் கடிதத்தின் மை காய முன்னரே ஊரில் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது.

பிறகு அந்த முதல் வருடம் எப்படிப் போகிறது என்பதை நாங்கள் பக்கத்து வகுப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் மாதத்தில் நேரசூசியில் தரம் 1 முதல் 5 வரை ஆடல் பாடலுக்கென்று பாடவேளைகள் எழுதப்படும். இரண்டாம் மாதம் தரம் 5இன் பாடவேளை போய்விடும், புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறதாம். அடுத்த தவணையில் தரம் 4இன் பாடவேளையும் போய்விடும், அடுத்த வருடம் புலமைப்பரிசிலாம். யாராவது லீவு என்றால் "டீச்சர், உங்களுக்குத்தானே வேலை இல்லை, அந்த வகுப்பைக் கொஞ்சம் பாருங்க" என்பார்கள். சங்கீதம் படித்து வந்தவர் வருடம் முடியுமுன் ரிலீப் டீச்சராகிவிடுகிறார்.

இதற்கிடையில் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றும். "பிள்ளைகளுக்குப் பாட்டுப் படிச்சுக் குடுக்கிறாங்களாம்." கேட்டவர் யார், பாடியது எந்தப் பாட்டு என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. அடுத்த நாள் காலையில் அதிபரின் அறைக்கு முன்னால் நான்கு வாப்பாமார் நிற்பார்கள்.

ஆனால் வலயத்திலிருந்து பணிப்பாளர் வருகிறார் என்றால்? பரிசளிப்பு விழாவுக்கு அரசியல்வாதி ஒருவர் பிரதம அதிதி என்றால்? அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழு அனுப்ப வேண்டும் என்றால்? அப்போது எல்லோருக்கும் அந்த டீச்சரின் ஞாபகம் வந்துவிடும். "மூன்று நாள்தான் இருக்கு, ஒரு வரவேற்புக் கீதம் பழக்குங்க." மேடைக்கு முன்னால் கையடக்கத் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுப்பவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள், அந்த நான்கு வாப்பாமாரேதான்.

இதைத்தான் நாங்கள் கேட்கிறோம். அதிதிக்கு முன்னால் ஆகுமானது, வகுப்பறையில் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகாததாகிறது?

மார்க்க ரீதியான ஆட்சேபணையை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. இசைக்கருவிகள் விடயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலானோர் கருவிகளைத் தடுத்தே சொல்லியிருக்கிறார்கள் என்பதும், தஃப் அடிப்பதற்கு விதிவிலக்கு இருப்பதும் எங்களுக்குத் தெரியும். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இதற்கென்று ஒரு தனிப் பகுதியே எழுதி, சில கருவிகளை விலக்கி, நிபந்தனைகளோடு அனுமதித்தார் என்பதும் தெரியும். பெருநாள் தினத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்கர் (ரழி) அவர்கள் கண்டித்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுமிகளை விட்டுவிடச் சொன்னதையும் புகாரியிலும் முஸ்லிமிலும் காணலாம். அது பெருநாளுக்கு மட்டும் உரிய சலுகை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தை உலமாக்களிடம் விடுகிறோம். முகநூலில் பத்வா கொடுக்கும் தகுதி எங்களுக்கும் இல்லை, குரல் பதிவு அனுப்புகிறவருக்கும் இல்லை.

நாங்கள் கேட்பது அந்த விவாதத்துக்குள் வராத ஒன்று. ஆறு வயதுப் பிள்ளை வாயால் பாடுவதற்கும், கையால் தட்டுவதற்கும், காதால் கேட்பதற்கும் எந்தக் கருவியும் தேவையில்லை. எமது பாடசாலைகள் பலவற்றில் ஒரு ஹார்மோனியம்கூட இல்லை. இல்லாத கருவிக்காக நடக்கும் சண்டையில் இருக்கிற குரலும் அடைபட்டுப் போகிறது.

"கர்நாடக சங்கீதம் என்றால் மற்ற மதத்துப் பக்திப் பாடல்கள்தானே" என்று கேட்கிறார்கள். கீர்த்தனைகளில் பெரும்பாலானவை அப்படித்தான், மறுக்கவில்லை. அந்த விடயத்தில் பெற்றோர் கவனமாக இருப்பது அவர்களின் உரிமை. ஆனால் ஆரம்பப் பிரிவில் கீர்த்தனை யார் படிப்பிக்கிறார்கள்? சங்கீதம் படிப்பவர் முதலில் பழகுகின்ற சரளி வரிசையில் இருப்பது ஏழு சுரங்களின் பெயர்கள் மட்டும்தான், வேறு சொல்லே கிடையாது. தரம் 1, 2 பிள்ளைகளுக்கு அதுகூடத் தேவையில்லை. மழையைப் பற்றி, ஆட்டுக்குட்டியைப் பற்றி, கை கழுவுவதைப் பற்றி நான்கு வரி போதும்.

அந்த நான்கு வரியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறோம்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. தமிழ் இலக்கணம் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தாலும் கைந்நொடிக்கும் நேரத்தாலும் அளந்தது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளை பார்த்து எழுதும், விளங்காது. "படம்" என்றும் "பாடம்" என்றும் கை தட்டிச் சொல்ல வைத்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். "கல்", "கால்" என்று எழுதும்போது எங்கள் பிள்ளைகள் அரவை விட்டுவிடுகிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் முறையிடுகிறோமே, அந்தப் பிழையில் பாதி கையில் இல்லை, காதில் இருக்கிறது. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் ஒரே மாதிரி உச்சரிக்கின்ற பிள்ளைக்கு மூன்றும் ஒரே எழுத்துத்தான்.

மக்தபில் இதே பிள்ளைகளுக்கு மத்தை இத்தனை ஹரகத் நீட்ட வேண்டும், இங்கே குறைக்க வேண்டும் என்று ஹஸ்ரத்மார் எவ்வளவு நுணுக்கமாகப் படித்துக் கொடுக்கிறார்கள்! குர்ஆன் ஓதுவதைப் பாட்டோடு ஒப்பிடவில்லை, அப்படி யாரும் திரித்து எழுத வேண்டாம். நீளத்தையும் குறுக்கத்தையும் பிரித்துக் கேட்கின்ற காது ஒன்றுதான் என்று சொல்கிறோம். அந்தக் காதைப் பழக்குவதற்கு ஒருவர் சம்பளத்தோடு வந்திருக்கிறார். அவரை ரிலீப் பார்க்க அனுப்புகிறோமே என்பதுதான் எங்கள் கவலை.

இன்னொன்றும் இருக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது கணிதப் பாடத்தில் தெரிய வருவது கஷ்டம். "கவனமில்லாத பிள்ளை" என்று எழுதிவிடுவோம். டீச்சர் முதுகைக் காட்டி நின்று கை தட்ட, மற்றவர்கள் திருப்பித் தட்டும்போது அந்தப் பிள்ளை மட்டும் பக்கத்திலிருப்பவரின் கையைப் பார்த்துத் தட்டும். அங்கேதான் பிடிபடும். திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளைகளில் பலர் சேர்ந்து பாடும்போது திக்குவதில்லை. தன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் தடங்கலில்லாமல் வருவதை அந்தப் பிள்ளை கேட்கக்கூடிய ஒரே இடம் அதுவாக இருக்கலாம். அந்த இடத்தை ஒரு மாதிரி வினாத்தாளுக்காக மூடுகிறார்கள்.

புலமைப்பரிசில் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பரீட்சைக்கு நாங்களும்தான் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறோம். வாரத்தில் ஒரு பாடவேளையைப் பறித்து இன்னொரு வினாத்தாள் கொடுத்தால் புள்ளி கூடும் என்பதை எங்கள் அனுபவத்தில் நாங்கள் காணவில்லை. காலையில் பாடசாலை, பின்னேரம் தனியார் வகுப்பு, இரவு செயலட்டை என்று ஒன்பது வயதிலேயே களைத்துப் போன முகங்களைத்தான் காண்கிறோம்.

"இது எங்கள் கலாசாரம் இல்லை" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மூத்தம்மாவிடம் கேளுங்கள், அவருடைய தாலாட்டு நினைவிருக்கிறதா என்று. சூடடிக்கும் களத்தில் பொலிப் பாட்டுப் பாடியவர்களும், கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாடியவர்களும் எமது ஊர் உழவர்களும் மீனவர்களும்தான். களிகம்பும் பொல்லடியும், கலியாண வீட்டில் றபானும், வீடுகளில் இராகத்தோடு வாசிக்கப்பட்ட சீறாப்புராணமும் யாருடையவை? நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவர்கள் எமது கிராமியக் கவிகளைத் தேடித் தேடித் தொகுத்தார். இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் இஸ்லாமிய கீதங்கள் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. யாழ் நூல் எழுதி 1947இல் வெளியிட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவுக்கு ஒரு பக்கம் மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், மறுபக்கம் நிந்தவூர். இந்த மண்ணில் நின்றுகொண்டு, பாட்டு எங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று பிள்ளைகளிடம் சொல்வது உண்மையாகாது.

இனி, புதிதாக வந்திருக்கும் தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும்.

உங்களுக்கு டிப்ளோமா கொடுத்த இடத்தில் சொல்லாத சில விடயங்களைப் பக்கத்து வகுப்பிலிருந்து சொல்கிறோம். முதல் வாரத்தில் பாட்டே வேண்டாம். கை தட்டுங்கள், அவர்கள் திருப்பித் தட்டட்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தட்டிச் சொல்லுங்கள். நாற்பது பெயரும் உங்களுக்குப் பாடமாகிவிடும், அவர்களுக்கும் அசை பிரிக்க வந்துவிடும். உங்கள் தொண்டைக்கு வசதியான சுருதி சின்னப் பிள்ளைகளுக்குத் தாழ்வானது, கொஞ்சம் உயர்த்தி ஆரம்பியுங்கள். ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவர்கள். நாற்பது பேரோடும் சேர்ந்து கத்த வேண்டாம், மூன்றாம் வாரத்தில் குரல் போய்விடும். அமைதிக்குக் கையால் ஒரு சைகை பழக்குங்கள். சுருதி சேராமல் பாடுகிற பிள்ளையை "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிட வேண்டாம். ஆறு ஏழு வயதில் பலருக்கும் சுருதி சேராது, பழகப் பழகச் சேரும். அந்த ஒரு வசனத்தைக் கேட்ட பிள்ளை ஆயுளுக்கும் வாய் திறக்காது.

அரைச்சுவருக்கு அப்பால் கணிதம் நடக்கும்போது பாட வேண்டாம். மரத்தடிக்குப் போங்கள், அல்லது பக்கத்து டீச்சரோடு பேசி நேரத்தை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். பாடப் போகும் பாட்டுகளின் வரிகளைத் தவணை ஆரம்பத்திலேயே எழுதி அதிபரிடம் ஒரு பிரதி, பெற்றோர் கூட்டத்தில் ஒரு பிரதி கொடுங்கள். குரல் பதிவுகளுக்கு அதைவிட நல்ல மறுமொழி கிடையாது. ஊர் மூத்தவர்களிடம் போய் அவர்களுக்குத் தெரிந்த கவிகளைக் கேட்டு எழுதுங்கள். வகுப்புக்குப் பாட்டும் கிடைக்கும், ஊரில் உங்களுக்கு ஆதரவும் கிடைக்கும்.

அதிபர்மாரிடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரிடமும், பெற்றோரிடமும் நாங்கள் கேட்பது நான்கே விடயங்கள்.

1. நேரசூசியில் எழுதிய பாடவேளை வருடம் முழுவதும் நேரசூசியில் இருக்க வேண்டும். தரம் 5உம் அதில் அடங்கும்.

2. விழாவுக்குக் கீதம் வேண்டுமென்றால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னர் சொல்லுங்கள். மூன்று நாளில் பழக்குவது பிள்ளைகளுக்கும் கஷ்டம், டீச்சருக்கும் கஷ்டம்.

3. ஆட்சேபணை இருந்தால் முதலில் டீச்சரைச் சந்தியுங்கள், ஒரு பாடவேளை வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகு அதிபரிடம் போகலாம். வட்ஸ்அப் குழுவில் ஆரம்பிக்க வேண்டாம்.

4. கருவி பற்றி ஊரில் கருத்து வேறுபாடு இருக்கிறதா? உலமாக்களையும் ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து இந்தப் பாடசாலையில் எது இருக்கும், எது இருக்காது என்று எழுத்தில் தீர்மானியுங்கள். அந்தத் தீர்மானத்துக்கு நாங்களும் கட்டுப்படுவோம். தீர்மானமே இல்லாமல் இருபத்தைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருவரை ஊருக்கு முன்னால் தனியாக நிறுத்துவது எந்த மத்ஹபிலும் அழகான காரியமாக இருக்க முடியாது.

இந்த நான்கும் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இடமாற்றக் கடிதம் எழுதுவார், கிடைத்தால் போய்விடுவார். கிடைக்காவிட்டால் இங்கேயே இருந்து, வாய் திறக்காமல், பதிவேடு எழுதும் ஆசிரியையாக ஓய்வுபெறுவார். எப்படியோ ஊர் நிம்மதியாக இருக்கும். தரம் 1இல் கை தட்டக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் குரல் பதிவு அனுப்பப் போவதில்லை.

அடுத்த பரிசளிப்பு விழாவுக்குக் கீதம் பழக்க அந்த டீச்சரைத் தேடிப் போகும்போது, கையில் இந்த வருடத்து நேரசூசியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுத்த பாடவேளைகள் எத்தனை, பறித்தவை எத்தனை என்று அவருக்கு முன்னாலேயே எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகும் கேட்க மனம் வந்தால் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.