நாற்காலி மாறியவர்களும் கூண்டில் ஏறியவரும்

1999ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தின் முதல் வாரம். கொழும்பில் தமிழ் நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் உதவி ஆசிரியனாகக் கடமையாற்றிக்கொண்டிருந்தேன். கிழக்குத் திமோரில் ஓகஸ்ட் 30ஆம் திகதி நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பின் முடிவு வந்துசேர்ந்தது. வாக்களித்தவர்களில் 78.5 வீதமானோர் இந்தோனேசியாவில் இருந்து பிரிந்து செல்வதை ஆதரித்திருந்தார்கள். அன்றைய நாட்களில் நமது வாசகர்கள் அந்தச் சின்னஞ்சிறு தீவின் செய்தியை எவ்வளவு ஆவலுடன் படித்தார்கள் என்பதை இங்கு விளக்கவேண்டியதில்லை. முதற்பக்கத்தில் பெரிய தலைப்பிட்டோம். அதன்பின் இடம்பெற்ற படுகொலைகளையும் தீவைப்புக்களையும் நாள்தோறும் எழுதினோம். 2002 மே 20இல் திமோர் சுதந்திரக் கொடியை ஏற்றியபோது மீண்டும் முதற்பக்கத்தில் இடம் கொடுத்தோம்.

அதன் பிறகு அந்த நாட்டை மறந்துவிட்டோம். உண்மையில், சுதந்திரத்தின் விலை பேசப்பட்டது அதன் பிறகுதான். 2005இல் அவுஸ்திரேலிய வெளிவிவகார அமைச்சின் முன்னாள் செயலாளர் ஒருவர் பெற்றோலியக் கம்பனி ஒன்றின் பணிப்பாளர் சபையில் சேர்ந்தார் என்ற செய்தி எமது மேசைக்கு வந்ததா என்பது நினைவில் இல்லை. வந்திருந்தாலும் வணிகப் பக்கத்துக்கு உரியது என்று ஒதுக்கியிருப்பேன். இந்தக் கட்டுரை, ஒருவகையில், நான் அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதும் முயற்சி.

திமோருக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலுள்ள கடலின் அடியில் 'கிரேட்டர் சன்ரைஸ்' எனப்படும் எரிவாயு வயல்கள் இருக்கின்றன. 1974இல் கண்டுபிடிக்கப்பட்டவை. திமோரின் கரையில் இருந்து சுமார் 150 கிலோமீற்றர் தூரத்திலும், அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இருந்து சுமார் 450 கிலோமீற்றர் தூரத்திலும் அவை அமைந்துள்ளன. இந்தோனேசியாவின் ஆக்கிரமிப்பின் கீழ் திமோர் இருந்த காலத்தில், 1989 டிசெம்பரில், அவுஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் இந்தக் கடலின் வளத்தைப் பங்கிட்டு உடன்படிக்கை செய்தன. இரு நாட்டு வெளிவிவகார அமைச்சர்களும் திமோர்க் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த விமானத்தில் வைத்துக் கையொப்பமிட்டார்கள். கீழே இருந்த மக்களை எவரும் கேட்கவில்லை.

திமோர் சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2002 மார்ச்சில், கடல் எல்லைப் பிணக்குகளில் சர்வதேச நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தில் இருந்து அவுஸ்திரேலியா தன்னை விலக்கிக்கொண்டது. புதிதாகப் பிறக்கவிருந்த நாடு வழக்குத் தொடுக்கும் வழி, அது பிறக்கும் முன்னரே அடைக்கப்பட்டது. முதலில் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி கிரேட்டர் சன்ரைஸ் வருமானத்தில் சுமார் 18 வீதமே திமோருக்குக் கிடைக்கவிருந்தது. திமோரியத் தலைவர்கள் விடாப்பிடியாகப் பேசியதன் விளைவாக, 2006 ஜனவரியில் கையொப்பமான உடன்படிக்கை அதனைப் பாதிக்குப் பாதி ஆக்கியது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை, நிரந்தரக் கடல் எல்லை பற்றிய பேச்சை ஐம்பது ஆண்டுகளுக்கு ஒத்திவைத்தமை.

இந்தப் பேரம் நடைபெற்றபோது அவுஸ்திரேலியாவின் வெளிவிவகார அமைச்சராக இருந்தவர் அலெக்சாண்டர் டவுனர். 1996 முதல் 2007 வரை அப்பதவியை வகித்தவர். அவரது அமைச்சின் செயலாளராக 1998 முதல் 2005 ஜனவரி வரை பணியாற்றியவர் அஷ்டன் கல்வேர்ட். வளங்களுக்குப் பொறுப்பான அமைச்சராக 2001 முதல் 2007 வரை இருந்தவர் இயன் மக்ஃபார்லேன். கிரேட்டர் சன்ரைஸ் வயலை இயக்கும் பொறுப்பு வூட்சைட் என்ற அவுஸ்திரேலியக் கம்பனியிடம் இருந்தது.

இனி நடந்ததைப் பாருங்கள். கல்வேர்ட், பதவியில் இருந்து ஓய்வுபெற்ற அதே ஆண்டில் வூட்சைட் கம்பனியின் பணிப்பாளர் சபையில் இடம்பெற்றார். டவுனர், 2008இல் அரசியலில் இருந்து விலகி ஆலோசனை நிறுவனம் ஒன்றில் பங்காளரானார். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் வூட்சைட்டும் ஒன்று. மக்ஃபார்லேன் 2016இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் சுரங்கத் தொழிற்துறைச் சங்கத்துக்குத் தலைமை நிறைவேற்று அதிகாரியானார். அதே ஆண்டு வூட்சைட்டின் பணிப்பாளர் சபைக்கும் சென்றார். அடுத்து ஆட்சிக்கு வந்த தொழிற் கட்சியும் இதற்கு விலக்கல்ல. 2007 முதல் 2013 மார்ச் வரை வளத்துறை அமைச்சராக இருந்த மார்ட்டின் ஃபேர்கசன், அதே ஆண்டு ஒக்டோபரில் பெற்றோலியக் கம்பனிகளின் சங்கத்துக்கு ஆலோசனைக் குழுத் தலைவரானார்.

இவர்களில் எவரும் சட்டத்தை மீறியதாக எந்த நீதிமன்றமும் கூறவில்லை. கம்பனிக்காகவே உடன்படிக்கையை வளைத்தார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. கல்வேர்ட் 2007இல் காலமானவர். மறுமொழி கூற இயலாதவரைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. அவுஸ்திரேலியக் கம்பனிகளின் நலனை முன்னெடுப்பது அவுஸ்திரேலிய அரசாங்கத்தின் கடமையே என்று டவுனர் 2014இல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் வாதிட்டிருந்தார். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால், அரசின் நலன் எங்கே முடிந்து கம்பனியின் நலன் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை அந்தப் பதில் தீர்க்கவில்லை, மேலும் கூர்மையாக்குகிறது.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் பத்திரிகையாளர் அல்லர், அரசியல்வாதியும் அல்லர். அவுஸ்திரேலியாவின் வெளிநாட்டு உளவுச் சேவையில் பணியாற்றிய ஓர் அதிகாரி. 'சாட்சி கே' என்ற எழுத்தாலேயே உலகம் அவரை அறியும். 2004இல், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த வேளையில், உதவித் திட்டத்தின் பெயரால் நடைபெற்ற கட்டடப் புனரமைப்பைப் பயன்படுத்தி, டிலியில் திமோர் அரசாங்கத்தின் அலுவலகங்களில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் பொருத்தப்பட்டன என்பதே திமோர் முன்வைத்த குற்றச்சாட்டு. கிடைத்த நன்கொடைக்கு நன்றி கூறிய ஏழை நாட்டின் அமைச்சர்கள், அந்த நன்கொடைச் சுவர்களுக்குள் இருந்தபடியே தமது பேரத்தின் இறுதி எல்லை என்ன என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். உளவு விடயங்களை உறுதிப்படுத்துவதுமில்லை, மறுப்பதுமில்லை என்பது கன்பராவின் நிலைப்பாடு.

அந்த அதிகாரியின் மனத்தை உறுத்தியது எது? டவுனர் வூட்சைட்டுக்கு ஆலோசகரானார் என்று அறிந்த பின்னரே அவர் முறைப்பாடு செய்ய முன்வந்தார் என்பது அவரது சட்டத்தரணி பேர்னாட் கொலேரி தரப்பில் கூறப்பட்ட விளக்கம். நாட்டின் பாதுகாப்புக்காகச் செய்ததாக நம்பிய வேலை, உண்மையில் யாருக்காகச் செய்யப்பட்டது என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அவர் பத்திரிகைக்கு ஓடவில்லை. உளவுச் சேவைகளை மேற்பார்வை செய்யும் அதிகாரியிடம் முறைப்படி முறையிட்டு, அனுமதிக்கப்பட்ட சட்டத்தரணியிடம் சென்றார்.

பின்னர் திமோர் இந்த விவகாரத்தை ஹேக் நகரில் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசென்றது. 2013 டிசெம்பரில் அதிகாரிகள் கொலேரியின் கன்பரா அலுவலகத்திலும் 'சாட்சி கே'யின் இல்லத்திலும் சோதனை நடத்தினார்கள். சாட்சியமளிக்கச் செல்ல முடியாதவாறு அவரது கடவுச்சீட்டு பறிமுதலானது. 2017இல் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. 2018 மார்ச்சில் இரு நாடுகளும் நியூயோர்க்கில் புதிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. நிரந்தரக் கடல் எல்லை வகுக்கப்பட்டது. எரிவாயு திமோருக்குக் கொண்டுசெல்லப்பட்டால் அந்நாட்டுக்கு 70 வீதம், அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டால் 80 வீதம் என்று பங்கு தீர்மானமாயிற்று. பதினெட்டு வீதத்தில் தொடங்கிய கணக்கு அது என்பதை மறந்துவிடவேண்டாம்.

அந்த உடன்படிக்கையின் மை காய்வதற்குள் என்ன நடந்தது? 'சாட்சி கே'க்கும் கொலேரிக்கும் எதிராகக் குற்றவியல் வழக்குத் தொடரப்பட்ட செய்தி 2018 ஜூனில் வெளிவந்தது. 2021 ஜூனில் 'சாட்சி கே' குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒத்திவைக்கப்பட்ட மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். கொலேரி மீதான வழக்கு, ஆட்சி மாறியபின், 2022 ஜூலையில் கைவிடப்பட்டது. நான்கு ஆண்டுகள் ஒரு முதிய சட்டத்தரணியின் வாழ்வில் இருந்து கழிந்துபோயின.

நாற்காலி மாறியவர்களை எவரும் விசாரிக்கவில்லை. நாற்காலி மாறியதைப் பார்த்து மனம் நொந்தவர் கூண்டில் ஏறினார். நான் கூற விரும்புவது இதுதான்.

'தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா' என்று நமது மக்கள் சொல்வார்கள். சிறு முறைகேட்டைப் பெருந்தன்மையுடன் மன்னிக்கும் பழமொழி அது. ஆனால் இங்கே புறங்கையை எவரும் நக்கவில்லை. தேனைப் பொதுச் சொத்தாக எடுத்துக் கொடுத்துவிட்டு, சில காலம் கழித்துத் தேன் வியாபாரியின் கடையில் நாற்காலி போட்டு அமர்கிறார்கள். கையில் பிசுபிசுப்பு இல்லை. ஆகவே குற்றமும் இல்லை. இலஞ்சத் தடுப்புச் சட்டங்கள் இன்று கைமாறும் பணத்தைத் தேடுகின்றன. நாளை கிடைக்கவிருக்கும் நாற்காலியின் மீதான எதிர்பார்ப்பை எந்தச் சட்டம் பிடிக்கும்? அது வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. தமக்கு முன்னர் பதவியில் இருந்தவர் எங்கே போனார் என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த அதிகாரிக்கு அதனைச் சொல்லவும் வேண்டியதில்லை.

அனுபவம் வீணாகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நிலவியலாளரோ பொறியியலாளரோ அரச சேவையை விட்டுக் கம்பனிக்குச் சென்றால், அவர் தமது தொழிலறிவை எடுத்துச் செல்கிறார். அமைச்சரும் அமைச்சின் செயலாளரும் எடுத்துச் செல்வது வேறு. எந்தக் கதவை எப்போது தட்டவேண்டும், அமைச்சரவையில் யார் எதற்கு இணங்குவார், அரசாங்கம் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்ற அறிவு அது. அது மக்களின் செலவில் சேர்த்த அறிவு.

விதிகள் இல்லாமல் இல்லை. பதவியின் கடைசி 18 மாதங்களில் தாம் கையாண்ட விடயங்கள் தொடர்பாக, விலகிய பின் 18 மாதங்களுக்கு அரசாங்கத்திடம் பரிந்துபேசக்கூடாது என்று அவுஸ்திரேலிய அமைச்சர்களுக்கான நெறிமுறை கூறுகிறது. அது சட்டமன்று, பிரதமரின் கையில் உள்ள நெறிமுறை. பதவியை விட்டுப் போனவரிடம் பிரதமர் எதைப் பறிப்பார்? மேலும், எரிவாயு வயல் ஒன்றின் ஆயுள் பல தசாப்தங்கள். கிரேட்டர் சன்ரைஸ் கண்டுபிடிக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்தும் அங்கிருந்து விற்பனைக்கு எரிவாயு எடுக்கப்படவில்லை. அத்தகைய தொழிலில் 18 மாதங்கள் என்பது ஒரு நீண்ட விடுமுறை.

ஜேர்மனியின் அனுபவமும் இதுவே. அதிபர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் 2005 நவம்பரில் பதவியில் இருந்து இறங்கினார். தாம் ஆதரித்த ரஷ்ய எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் பங்குதாரர் குழுத் தலைமையை ஏற்கப்போகிறார் என்ற செய்தி அடுத்த மாதமே வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2015இல்தான், அமைச்சர்களுக்கான 12 முதல் 18 மாதக் காத்திருப்புச் சட்டம் அங்கே வந்தது. 2017இல் அவர் ரஷ்யாவின் ரொஸ்நெப்ட் எண்ணெய்க் கம்பனிக்கும் தலைவரானார். உக்ரேன் போர் வெடித்த பின்னரே, 2022இல், அங்கிருந்து விலகினார்.

வளத்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளேனும் சட்டபூர்வமான தடை வேண்டும். அதைக் கண்காணிப்பது பிரதமராக அன்றிச் சுயாதீனமான ஓர் ஆணைக்குழுவாக இருக்கவேண்டும். கம்பனிகளும், தம்மிடம் சேரும் முன்னாள் அமைச்சர்கள், அதிகாரிகளின் பெயரையும் ஊதியத்தையும் வெளியிடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முறைப்படி முறையிடும் அதிகாரியைச் சட்டம் காக்கவேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லையெனில் முதல் மூன்றும் காகிதம்.

இதனை இத்தனை விரிவாக நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. மன்னார்த் தீவின் மணலில் உள்ள கனியங்களை அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவுபெற்ற ஒரு நிறுவனம் ஆராய்ந்து வந்துள்ளது. அங்குள்ள மக்கள் தமது நிலமும் நீரும் என்னாகும் என்று அஞ்சி எதிர்ப்புத் தெரிவித்துள்ளார்கள். மன்னார் வளைகுடாவில் 2011இல் துளையிடப்பட்டபோது எரிவாயு இருப்பது தெரியவந்தது. இவற்றில் எவரும் தவறிழைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கையொப்பமிடப்போகும் அதிகாரியின் பேனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, ஓய்வுபெற்ற பின் அவர் எங்கே அமரப்போகிறார் என்பதையும் கேட்டுவைக்கவேண்டும் என்றே சொல்கிறேன். ஒப்பந்தம் முடிந்த பின் கேட்பதால் பயனில்லை.

திமோரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் போசாக்கின்மையால் வயதுக்கேற்ற வளர்ச்சி இன்றி இருக்கிறார்கள். கடலடியில் உள்ள ஒவ்வொரு வீதமும் அந்தக் குழந்தைகளின் உணவுத் தட்டோடு தொடர்புடையது. பேரம் பேசியவர்களில் எவரும் அந்தத் தட்டைக் கண்டிருக்கமாட்டார்கள்.

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. வணிகப் பக்கத்தின் மூலையில் வரும் 'புதிய நியமனங்கள்' என்ற பகுதியைத் தவறாமல் வாசியுங்கள். நாங்கள் வாசிக்காமல் விட்டோம்.