டெடிங்டன் போதகரின் கண்ணாடிக் குழாய்



"பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன் ஐயா, விசுவாசத்தில் நிற்கிறேன்" என்று சொல்லுகிறவர்கள் நம் நடுவில் பெருகிவருகிறார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவரைச் சில வாரங்களில் தாகமும் சோர்வும் திரும்ப மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவருக்குப் பெரும்பாலும் அப்படி ஒன்றும் நேருவதில்லை. தலை வலிப்பதில்லை, மூச்சு வாங்குவதில்லை, பசி குறைவதில்லை. ஒரு மாதம் கழிகிறது, நன்றாகவே இருக்கிறார். அதையே சுகத்தின் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு, ஆராதனையில் சாட்சி சொல்ல எழும்புகிறார். சபையும் ஸ்தோத்திரம் சொல்லுகிறது.

அந்தச் சாட்சியைக் குறித்தே இந்த வாரம் எழுதுகிறேன். சிலருக்கு இது கசக்கும் என்று அறிவேன். ஆயினும், ஒன்றும் தோன்றாதிருப்பதே உயர் இரத்த அழுத்தத்தின் இயல்பு என்பதைச் சபையார் அறியாதிருக்கக் கூடாது. அளந்து பார்த்தாலன்றி அது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அளப்பது அவிசுவாசம் என்று நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். இரத்தத்தின் அழுத்தத்தை உலகத்தில் முதன்முதலாக அளந்தவர் ஒரு சபைப் போதகர்.

அவர் பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ். 1677ஆம் ஆண்டு பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, 1709இல் இலண்டனுக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் சிற்றூரின் குருவானவராகப் பொறுப்பேற்றார். 1761இல் மரிக்கும்வரை அந்தச் சபையை விட்டு அவர் அகலவில்லை. சாராயத்துக்கு எதிராகத் துண்டு நூல் எழுதினார். கப்பல்களின் அடித்தட்டிலும் சிறைச்சாலைகளிலும் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு நல்ல காற்று கிடைக்கும்படி காற்றோட்டக் கருவிகளை அமைத்தார். செடியின் வேர் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது, இலை எவ்வளவு நீரை வெளிவிடுகிறது என்பதையும் அளந்து நூலாக்கினார். எதைக் கண்டாலும் அளந்து பார்க்காமல் விடாத மனிதர்.

அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1628இல், வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவர் இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்று நிறுவியிருந்தார். உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை ஓயாமல் புதிதாக உண்டாக்குகிறது, உடல் அதைச் செலவழித்துத் தீர்க்கிறது என்று அதுவரை நம்பினார்கள். ஒரு துடிப்புக்கு இருதயம் தள்ளும் அளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள் என்றார் ஹார்வி. இன்றைய கணக்கில் துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நாளொன்றுக்கு ஒரு இலட்சம் துடிப்பு, ஆக 7,000 லிட்டர். ஒரு சிறு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு! அத்தனை இரத்தத்தை அன்றாடம் உண்டாக்கத்தக்க உணவை எந்த மனிதன் உண்கிறான்? உடலில் இருப்பதோ ஏறத்தாழ 5 லிட்டர்தான். அதுவே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

ஆனால், எவ்வளவு விசையோடு சுற்றுகிறது என்னும் கேள்வி மீதியாக இருந்தது. அதற்கு விடை தேடியவர்தான் டெடிங்டன் போதகர். இனி வேலைக்கு உதவாது என்று கொல்லப்படவிருந்த ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, அதன் தொடையின் தமனியில் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு 9 அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயை நேராக நிறுத்தினார். கட்டை அவிழ்த்தவுடன் இரத்தம் குழாயில் ஏறியது. இருதயத்தின் இடது கீழறை இருக்கும் மட்டத்துக்கு மேலே 8 அடி 3 அங்குலம் வரை ஏறி, அங்கே நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் எழும்பித் தாழ்ந்தது. இந்தச் சோதனையை அவர் 1733இல் நூலாக வெளியிட்டார். அந்தக் குதிரையை நினைக்கையில் நமக்கு மனம் பதறுகிறது. அவருக்கு நண்பரும் அயலவருமான கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கும் விலங்குகளை அறுக்கும் அவ்வழக்கம் பிடிக்கவில்லை. நானும் அதைப் புகழ வரவில்லை. ஆயினும் அந்தக் கண்ணாடிக் குழாயில் கண்கூடாக எழும்பி நின்ற விசைதான் இந்த நொடியில் உங்கள் தமனிகளுக்குள்ளும் நிற்கிறது. மாத்திரையைத் தூக்கி எறியுமுன் அதைச் சற்றே மனக்கண்ணால் காணுங்கள்.

சுகமுள்ள ஒருவரின் தமனியில் அப்படி ஒரு குழாயை நிறுத்தினால் இரத்தம் ஏறக்குறைய 5 அடி உயரம் ஏறும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகையால் அதே விசை பாதரசத்தை 120 மில்லிமீட்டர் மட்டுமே உயர்த்தும். மருத்துவர் சொல்லும் 120 இதுவே. 1896இல் ரிவா-ரோச்சி என்னும் இத்தாலிய மருத்துவர் கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்யரான கொரொட்கோவ், பட்டை தளரும்போது தமனியில் எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். ஒலி தொடங்குமிடம் மேல் எண், ஒலி அடங்குமிடம் கீழ் எண்.

இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுகையில் உள்ள அழுத்தம் மேல் எண். அது இளகி மீண்டும் நிரம்பும் வேளையில் உள்ளது கீழ் எண். இளகும் வேளையில் தள்ளுகிறவர் ஒருவருமில்லையே, அழுத்தம் ஏன் பூச்சியமாகிவிடவில்லை? இதற்கும் ஹேல்ஸ் அழகான விளக்கம் தந்தார். அவர் காலத்துத் தீயணைப்புப் பொறியில் ஆட்கள் விட்டுவிட்டு அடித்தாலும் தண்ணீர் விடாமல் பீறிடும். பொறியில் பொருத்திய கலத்துக்குள் காற்று அடைபட்டிருக்கும்; தண்ணீர் வந்து தள்ளும்போது அது ஒடுங்கும், தள்ளாதபோது விரிந்து தண்ணீரை வெளியே செலுத்தும். பெருந்தமனியும் அப்படியே என்றார். இருதயம் தள்ளுகையில் அதன் சுவர் விரிகிறது. இருதயம் இளகுகையில் அது சுருங்கி மீதி வேலையை முடிக்கிறது. ஆகவே உறுப்புகளுக்குள் இரத்தம் அறாமல் ஓடுகிறது.

அழுத்தம் பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்தால் பெருந்தமனியின் இந்த நெகிழ்ச்சி போய்விடுகிறது. சுவர் தடித்து விறைக்கிறது. அதுவரை பெருந்தமனி தாங்கிக்கொண்ட அடி, மூளைக்கும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் மெல்லிய நாளங்களில் நேரே விழுகிறது. இருதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் 5 லிட்டரில் ஏறத்தாழ ஒரு லிட்டர் சிறுநீரகங்களுக்கே போகிறது. அடியை மிகுதியாக வாங்குகிற உறுப்புகளில் அதுவும் ஒன்று. எதிர்த்துத் தள்ளித் தள்ளி இடது கீழறையின் தசையும் தடிக்கிறது. இவற்றில் எதுவும் வலிப்பதில்லை. கடைசியில் ஒருநாள் மூளையில் ஒரு நாளம் வெடிக்கிறது, அல்லது அடைபடுகிறது. வீட்டார், "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்" என்று அழுகிறார்கள். அடக்க ஆராதனைகளில் இந்த வார்த்தையை நான் கேட்காத வருடமில்லை.

அதிகாரமும் செல்வமும் இதைத் தடுக்கவில்லை. அமெரிக்க ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச் மாதத்தில் அழுத்தம் 186/108 என்று பதிவாயிற்று. அக்காலத்தில் அதைக் குறைக்க ஏற்ற மாத்திரை இல்லை. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வு கொடுத்தார்கள். 1945 ஏப்ரல் 12ஆம் தேதி, தம் உருவப்படத்தை ஓவியர் தீட்டிக்கொண்டிருக்கையில், தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். மருத்துவர் அளந்தபோது மேல் எண் 300ஐத் தாண்டியிருந்தது. அன்று பிற்பகலே மரித்தார், வயது 63. உலகப்போரையே நடத்திய மனிதருக்கு அன்று எட்டாதது, இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "நான் விசுவாசி" என்கிறோம்.

உலகத்தில் 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டென்றும், அவர்களில் நூற்றுக்கு 46 பேர் அதை அறியாமலே இருக்கிறார்கள் என்றும் 2021இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அறியாமல் இருக்கிறவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிந்தும் நிறுத்துகிறவரைக் குறித்தே என் பாரம்.

"அப்படியானால் கர்த்தர் சுகமாக்கமாட்டாரா, ஐயா?" என்று கேட்பீர்கள். சுகமாக்குவார் என்று விசுவாசிக்கிறேன். வியாதிப்பட்டவர்களுக்காக வாரந்தோறும் ஜெபிக்கிறேன். ஆனால் வேதத்தில் குஷ்டரோகிகளை ஆண்டவர் எங்கே அனுப்பினார் என்று வாசித்துப் பாருங்கள். சுகமானவன் தன்னை ஆசாரியனுக்குக் காண்பிக்க வேண்டும் என்றார். ஆசாரியன் தோலைச் சோதித்து, சுத்தம் என்று தீர்த்த பிறகே அவன் ஊருக்குள் வரலாம் என்பது நியாயப்பிரமாணம். சுகத்தைச் சோதிக்க ஒருவனை நியமித்தவர் தேவனே. இந்த வியாதியைச் சோதிக்க அறிந்தவர் இன்று மருத்துவர். மெய்யாகவே சுகம் கிடைத்திருந்தால் கருவி அதைக் காட்டும். மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார், நிறுத்தவும் செய்வார். அந்தச் சீட்டோடு வந்து சாட்சி சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் பண்ணுவேன். அளக்காத சுகத்துக்கு இனி நம் ஆராதனையில் சாட்சி நேரம் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்ட பின்னும், தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைக்கச் சொன்னதையும் மறவாதிருங்கள்.

"ஆயுள் முழுவதும் மாத்திரைக்கு அடிமையாக வேண்டுமா?" என்பது மற்றொரு கேள்வி. நம்மில் நாற்பதைக் கடந்தவர்களில் பாதிப்பேர் கண்ணாடி இல்லாமல் வேதாகமத்தைத் திறப்பதில்லை. ஒருவரும் அதை அவிசுவாசம் என்றதில்லை. தவிர, சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் மேலே ஏறிவிடும். உபவாச நாட்களில் மாத்திரையைத் தள்ளிவைக்கிறவர்கள் மருத்துவரைக் கேளாமல் அப்படிச் செய்யவேண்டாம். மாத்திரை எடுக்கிறோமே என்று ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத் தாராளமாக்கவும் வேண்டாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நம் சபை விருந்துகளின் பிரியாணியைக் குறித்துத் தனியாகப் பேசவேண்டும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், செவிலியராகப் பணிபுரியும் நம் சபைச் சகோதரி ஒருவர் கருவியோடு கூடத்தில் அமர்ந்திருப்பார். அதற்கு முந்திய அரைமணி நேரத்தில் காப்பி குடிக்காதிருங்கள். வந்தவுடன் கையை நீட்டாமல் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள்; பாதங்கள் தரையில் படியட்டும், முதுகு சாய்ந்திருக்கட்டும், அளக்கும்போது பேச்சு வேண்டாம். கையை மேசைமேல் இருதயத்தின் மட்டத்தில் வையுங்கள். டெடிங்டன் போதகர் தம் குழாயின் உயரத்தைக் குதிரையின் இருதய மட்டத்திலிருந்தே கணக்கிட்டார். காரணம் இன்றும் அதுவே. கை ஒரு சாண் தாழ்ந்தாலும் எண் ஏறத்தாழ 15 கூடித் தோன்றும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அங்கேயே கலங்கவேண்டாம்; மற்றொரு நாளும் அளந்து பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறவர்களும், நிறுத்தியிருக்கிறவர்களும், பழைய மருந்துச் சீட்டை மறவாமல் கையோடு கொண்டுவாருங்கள்.