கூவும் சைக்கிளும் கேளாத செவிகளும்

யாழ்ப்பாணத்தவருக்குத் துவிச்சக்கரவண்டி வெறும் வாகனமன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் பற்றரிகளும் வடக்கிற்கு வராதிருந்தபோது, நம்மவர் அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்டனர். 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது முழு நாடுமே சைக்கிளைத் தேடியது, விலை ஏறியது. விலை ஏறிய பொருளைத் திருடனும் தேடுவான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

திருட்டுக்கு மருந்தாக இப்போது இரண்டு கருவிகள் விற்பனைக்கு உள்ளன. ஒன்று, அசைத்தால் அலறும் அபாயமணி. மற்றது, இருக்குமிடம் காட்டும் தடங்காட்டி. இவை வேண்டாமென்பதல்ல என் வாதம். இவை எதைச் செய்யா என்பதையும் வாங்குவோர் அறிதல் வேண்டும்.

அபாயமணி திருடனைப் பிடிப்பதில்லை, அயலவரை அழைக்கிறது. காற்றுக்கும் பூனைக்கும் அலறும் மணிக்கு நாளடைவில் எவரும் தலை திருப்பார்.

2021 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட எயர்டாக்கில் ஜி.பி.எஸ். இல்லை. அது புளூடூத் சமிக்ஞையை வெளிவிட, அருகே செல்லும் பிறரின் அப்பிள் கருவிகளே இடத்தை அறிவிக்கின்றன. ஐபோன்கள் நிறைந்த லண்டனில் அது பேசும். வன்னியின் ஓர் ஒழுங்கையில் மௌனம் காக்கக்கூடும். மேலும், பிறரை இரகசியமாகப் பின்தொடர இத்தகைய கருவிகள் பயன்பட்டதால், அந்நியரின் தடங்காட்டி கூடவே வந்தால் எச்சரிக்கும் ஏற்பாட்டை 2024 மே மாதத்தில் அப்பிளும் கூகிளும் தமது தொலைபேசிகளுக்குப் பொதுவாக்கின. அவ்வெச்சரிக்கை திருடனுக்கும் கிடைக்கும். அதனைக் குறைகூற நான் தயாரில்லை. மனிதரின் பாதுகாப்பு சைக்கிளிலும் பெரிது.

இடம் தெரிந்தபின் என்ன செய்வது? திருடனின் வாசலில் தனியே போய் நிற்பது ஆபத்து. பொலிஸார் செல்லவேண்டும், வண்டி தன்னுடையதென உரியவர் நிரூபிக்கவும் வேண்டும். இதற்காகவே பிரான்ஸ், வணிகர்கள் விற்கும் புதிய சைக்கிள்களில் அடையாள இலக்கம் பொறித்துத் தேசியப் பதிவேட்டில் சேர்ப்பதை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. இது நமக்குப் புதிதன்று. நமது உள்ளூராட்சி சபைகளும் வரி அறவிட்டுச் சைக்கிளுக்கு இலக்கத்தகடு வழங்கியவையே. வரிக்காக எழுதிய பதிவேட்டைக் காவலுக்காகவும் எழுதுவதில் என்ன தடை?

சபைகள் விழிக்கும்வரை வாசகர் காத்திருக்கவேண்டாம். வண்டியின் சட்டகத்தில் பொறித்த இலக்கத்தை இன்றே குறித்து, பற்றுச்சீட்டுடன் வையுங்கள். உறுதியான பூட்டினால் அசையாத தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். மணியும் தடங்காட்டியும் அதன்பின் வரட்டும். அடுத்த வீட்டுச் சைக்கிள் அலறினால், தயவுசெய்து எழுந்து வெளியே பாருங்கள்.