பளபள பக்கங்களும் பழைய பேப்பர்காரரும்

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தேன். பித்தளை அண்டா, மகளின் நடைவண்டி, உடைந்த மிக்ஸி... இவற்றுக்கெல்லாம் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால், கல்லூரிக் காலத்திலிருந்து நான் பொத்திப் பொத்திச் சேர்த்த ஃபேஷன் பத்திரிகைகள்!

பழைய பேப்பர்காரர் ஒன்றைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது புக் ரேட்டுதாம்மா, பேப்பர் ரேட் வராது. வழவழன்னு இருக்கு, பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் பஸ் காசை மிச்சம் பிடித்து வாங்கியவை அவை.

1994 ஞாபகம் இருக்கிறதா தோழிகளே? சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, ஐஸ்வர்யா ராய் உலக அழகி. மதுரையில் எங்கள் ஹாஸ்டலே அவர்களைப் பற்றித்தான் பேசியது. 1959-லிருந்து வந்துகொண்டிருந்த 'ஃபெமினா'வை அதுவரை லெண்டிங் லைப்ரரியில் எடுத்துப் படிப்போம். 1996-ல் 'எல்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பும் வந்தது. அறைக்கு ஒரு புத்தகம், ஆளுக்கு ஒரு ராத்திரி. அந்தக் காகித வாசனைக்காகவே முகர்ந்து பார்ப்போம்.

அந்த மோகம் எனக்கு எப்போது ஆட ஆரம்பித்தது என்று யோசித்தால், ஒரு ஜாக்கெட்தான் நினைவுக்கு வருகிறது.

2003-ல் எனக்கு நிச்சயதார்த்தம். ஒரு பத்திரிகையிலிருந்து படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு அம்மாவோடு டெய்லர் கடைக்குப் போனேன். முதுகில் ஒரு சுருக்கம் இல்லாமல், தோளில் ஒட்டினாற்போல் இருந்த ஜாக்கெட் அது. மாஸ்டர் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பாப்பா, உடம்பைப் பார்த்துத் தைக்கவா, படத்தைப் பார்த்துத் தைக்கவா?" என்று கேட்டார். "படத்தைப் பார்த்து" என்றேன்.

இரண்டு முறை பிரித்துத் தைத்தும் அந்தப் படம் மாதிரி வரவில்லை. நான் மாஸ்டரையும் குறை சொல்லவில்லை, படத்தையும் குறை சொல்லவில்லை. என் உடம்பைத்தான் குறை சொன்னேன். ஒரு மாதம் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டை வாங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தை பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன்.

பல வருடம் கழித்து, போட்டோ ஷூட்களில் உதவியாளராக வேலை பார்க்கும் என் அக்கா மகள் ஒரு விஷயம் சொன்னாள். "சித்தி, மாடல் போட்டிருக்கிற டிரஸ் எதுவும் அவங்களுக்கு அப்படியே பொருந்தாது. முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடிச்சு கிளிப் போட்டிருப்போம். முன்னாடியிருந்து பார்த்தா தெரியாது."

அடக் கடவுளே! முதுகில் கிளிப் மாட்டிய ஜாக்கெட்டுக்காகவா பட்டினி கிடந்தேன்?

அதற்கு மேல் கம்ப்யூட்டர் வேலை வேறு. இடுப்பைச் சுருக்குவது, நிறத்தைக் கூட்டுவது... பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து, விளம்பரத்தில் மாடலின் உடலைத் திருத்தி ஒல்லியாகவோ பருமனாகவோ காட்டினால், 'திருத்தப்பட்ட படம்' என்று அதிலேயே போட வேண்டும். போடாவிட்டால் 37,500 யூரோ வரை அபராதம். சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு விஷயம் முற்றியிருக்கிறது!

இன்னொரு கணக்கும் கேளுங்கள். அமெரிக்க 'வோக்' பத்திரிகையின் 2007 செப்டம்பர் இதழ் 840 பக்கம். அதில் 727 பக்கம் விளம்பரம். அதாவது காசு கொடுத்து விளம்பரத்தைத்தான் வாங்கியிருக்கிறோம். 'உன்னிடம் ஏதோ குறை இருக்கிறது' என்று முதல் பக்கத்தில் நம்ப வைத்தால்தானே அடுத்த பக்கத்தில் க்ரீம் விற்க முடியும்?

எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்று அந்தப் பக்கங்களில்தான் கற்றுக்கொண்டேன். அதே 'வோக்' பத்திரிகையில் 1988 நவம்பர் இதழ் அட்டைக்கு ஒரு சுவையான கதை உண்டு. அன்னா வின்டூர் ஆசிரியரான பிறகு வந்த முதல் அட்டை. விலை உயர்ந்த ஜாக்கெட்டுக்கு ஜோடியான ஸ்கர்ட் அந்த மாடலுக்குப் பொருந்தவில்லை. லீவில் கொஞ்சம் எடை போட்டிருந்தாராம். உடனே சாதாரண ஜீன்ஸைப் போட்டுப் படம் எடுத்துவிட்டார்கள். அது புகழ்பெற்ற அட்டையாகிவிட்டது. பொருந்தாவிட்டால் துணியை மாற்றலாம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அன்று யாரும் சொல்லவில்லை.

சரி, பெட்டி காலி. வீட்டை விட்டு அந்தப் பைத்தியம் போய்விட்டது என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே பத்தாவது படிக்கும் மகள் போனை நீட்டினாள். "அம்மா, இந்த ஃபில்டர்ல நான் எப்படி இருக்கேன்?" இரண்டு சுற்று வெளுத்த முகம். கூர்மையாகிவிட்ட மூக்கு. "எனக்கு நிஜமாவே மூக்கு இப்படி இருந்திருக்கலாம்" என்றாள்.

அது என் அம்மாவின் மூக்கு. எனக்கும் அதேதான். சுருக்கென்றது. நான் மாதம் ஒருமுறைதான் அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். இவள் நாளெல்லாம் பார்க்கிறாள். அதுவும் மாடலை இல்லை, திருத்தப்பட்ட தன் முகத்தையே!

திட்டவில்லை. அட்வைஸும் செய்யவில்லை. பீரோவிலிருந்து அந்த நிச்சயதார்த்த ஜாக்கெட்டை எடுத்து மடியில் போட்டு, படத்தையும் பட்டினியையும் கிளிப்பையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்போ இதுக்குப் பின்னாடியும் கிளிப் இருக்கும்ல?" என்றாள்.

ஜாக்கெட்டை அவளே புரட்டிப் பார்த்தாள். உள்பக்கம் இரண்டு விலாவிலும் ஒன்றரை இன்ச் துணி விட்டுத் தைத்திருந்தார் மாஸ்டர். "எதுக்கும்மா இவ்வளவு துணி உள்ளே?" என்று கேட்டாள்.

"உடம்பு மாறும்னு அவருக்குத் தெரியும் கண்ணு. பிரிச்சு விட்டுக்கலாம்ல."

அடுத்த மாதம் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு அதைத்தான் போடுவேன் என்கிறாள். அளவு பார்க்கப் போகிறோம். இந்தமுறை படம் எதுவும் எடுத்துப் போகவில்லை.

சொல்ல மறந்துவிட்டேனே... பெட்டி மொத்தம் 11 கிலோ. 110 ரூபாய் கிடைத்தது. மல்லிகைப்பூவுக்கு ஆயிற்று!