தூண்டில் போட்டால் போதுமா?

வெலிங்டன், குன்னூர்வாசிகளில் விடுமுறை வந்தால் தூண்டிலை எடுக்கத் துடிப்பவர்கள் உண்டு. நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால் ஓடையில் மீன் இருக்க வேண்டாமா?

நீலகிரியின் டிரவுட், மலை தந்த மீன் அல்ல. வெள்ளைக்காரத் துரைமார்கள் கொண்டுவந்தது. 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைந்த பிறகே அது நிலைத்தது. குளிர்ந்த, தெளிந்த நீர் இருந்தால்தான் டிரவுட் பிழைக்கும். சேறு படிந்தால் கூழாங்கல்லிடையே இட்ட முட்டைகள் மூச்சுத் திணறி மடியும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸைப் பாருங்கள்! அங்கே கடற்கரையிலும் கழிமுகத்திலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடவும் 2001 முதல் கட்டணம் உண்டு. அந்தப் பணம் தனி நிதியில் சேர்ந்து தூண்டில்காரர்களின் நன்மைக்கும் மீன்வளத்துக்குமே செலவாகிறது. சிறிய மீனைத் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு.

நீலகிரிக்கும் இது புதிதல்ல. வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்க இம்மாவட்டத்துக்கென்றே 1879-இல் சட்டம் வந்தது. இன்று வேண்டியது, தூண்டில்காரர் தரும் காசு ஓடைக்கே திரும்புவது. "இதற்கும் காசா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். சினிமாவுக்குக் கொடுக்கவில்லையா? மீனைப் பிடிக்கிற கை, ஓடையையும் காக்கட்டும்!